கோடைக்கு ஒரு வீடு, கூதிருக்கு ஒரு வீடு

ஒரு வீட்டின் சுவரையும் கூரையையும் கட்டி முடித்தபின் மாற்றுவது எளிதன்று. ஆனால் அவற்றின் உள்ளும் புறமும் தொங்கவிடப்படுபவை, விரிக்கப்படுபவை, பூசப்படுபவை, இடம் மாற்றி வைக்கப்படுபவை யாவும் ஆண்டுக்குப் பலமுறை மாறக்கூடியவை. திரைச்சீலை, தட்டி, பாய், கட்டில் கிடக்கும் திசை, சுவரின் நிறம், விளக்கின் ஒளி என இவை அனைத்தையும் அலங்காரம் என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கி, கண்ணுக்கு மட்டும் உரியவையாக எண்ணுவது இன்றைய வழக்கமாகிவிட்டது. வெப்ப இயற்பியல் இவற்றை வேறு விதமாகப் பார்க்கிறது: கட்டடம் உடல் என்றால் இவை அது உடுத்தும் உடை, எல்லா உடைகளையும் போல இவற்றிலும் அழகும் பயனும் பிரித்தெடுக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன, பருவம் மாறியும் மாற்றப்படாத உடை எவ்வளவு அழகாயிருந்தாலும் உறுத்தவே செய்யும்.

இந்தக் கணக்கு மனித உடலிலிருந்து தொடங்குகிறது. அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை இடைவிடாமல் உண்டாக்குகிறது. இவ்வெப்பம் முழுவதும் வெளியேறியாக வேண்டும், இல்லையேல் உடலின் உள்வெப்பநிலை ஏறத் தொடங்கிவிடும். அது வெளியேறும் வழிகள் நான்கு. தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்கு வெப்பம் பாய்வது கடத்தல். தோலை உரசிச் செல்லும் காற்று அதை எடுத்துச் செல்வது சலனம். எதையும் தொடாமல், இடையிலுள்ள காற்றையும் பொருட்படுத்தாமல், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாகச் சுற்றியுள்ள சுவர்களுக்குப் போய்ச் சேர்வது கதிர்வீச்சு. வியர்வை உலரும்போது அதனோடு போவது ஆவியாதல். காற்றோட்டம் குறைந்த அறையில் வியர்வை நீங்கலான வெப்ப இழப்பில் ஏறக்குறையப் பாதி கதிர்வீச்சு வழியாகவே நிகழ்கிறது என்பது பலருக்கும் வியப்பளிக்கக்கூடும். அறையின் காற்று எவ்வளவு சூடு என்பதைப் போலவே, சுவரும் கூரையும் எவ்வளவு சூடு என்பதும் உடலுக்கு முக்கியம் என்பதே இதன் பொருள்.

டென்மார்க்கைச் சேர்ந்த பொறியியலாளர் போவ்ல் ஓலே ஃபாங்கர் 1970-இல் வெளியிட்ட நூல், அறைச் சுகத்தை ஆறு காரணிகளின் கூட்டு விளைவாக வரையறுத்தது: காற்றின் வெப்பநிலை, சுற்றியுள்ள பரப்புகளின் கதிர்வீச்சு வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், உடை, உடல் செய்யும் வேலை. சுவரில் மாட்டிய வெப்பமானி இவற்றுள் முதலாவதை மட்டுமே காட்டுகிறது. வீட்டை ஒழுங்கமைப்பவரின் கைக்கு எட்டுபவையோ பெரும்பாலும் எஞ்சியவை. கட்டிலை நகர்த்துவதும் பாயை விரிப்பதும் தட்டியை இறக்குவதும் வெப்பமானியில் அரை டிகிரி மாற்றத்தைக்கூடக் காட்டாமலேயே உடலின் கணக்கைத் தலைகீழாக்கிவிட முடியும்.

பருவங்களைப் பற்றி ஒரு தெளிவு இங்கே தேவைப்படுகிறது. உள் அலங்கார இதழ்கள் ஆண்டை வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நிறங்களும் துணிகளும் பரிந்துரைக்கின்றன. அது வட ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் பொருந்தும் நாட்காட்டி. தமிழ்நாட்டில் இலைகள் பொன்னிறமாகும் இலையுதிர்காலமும் இல்லை, கம்பளம் வேண்டுகிற குளிர்காலமும் மலைவாழிடங்களுக்கு வெளியே இல்லை. பழந்தமிழ் இலக்கணம் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறாகப் பகுத்தது. மழை, மழையோடு கூடிய குளிர், பனி, வெயில் என்ற வரிசையில் அமைந்த அப்பகுப்பு, இந்த மண்ணில் ஒரு சுவர் ஓராண்டில் படும் பாட்டுக்கு மிக நெருக்கமானது.

சூரியனின் பாதையும் அவ்வாறே வேறுபடுகிறது. ஏறத்தாழ 13 டிகிரி வட அகலாங்கில் உள்ள சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து, நட்டுவைத்த கோலின் நிழலைச் சில கணங்களுக்கு இல்லாமல் செய்துவிடுகிறது. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய நான்கு மாதங்கள், அதாவது கோடையின் கடும்பகுதி உட்பட, நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. தெற்குச் சுவர் அப்போது நிழலில் இருக்கும். மார்கழியில் அதே சூரியன் தெற்கே இறங்கி, அடிவானத்திலிருந்து 54 டிகிரி உயரத்தில் நின்று தெற்குச் சன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்க்கும். ஆகவே, கோடையில் தெற்குச் சன்னலுக்குக் கனத்த திரையிட வேண்டும் என்று மேலைநாட்டுக் கையேடுகள் கூறும் அறிவுரையைச் சென்னையில் பின்பற்றுபவர் நிழலுக்கே திரை போடுகிறார். இங்கே வெயிலின் பெரும் சுமையைத் தாங்குவது முதலில் கூரை, அடுத்துக் கிழக்கு, மேற்குச் சுவர்கள்.

மேற்குச் சுவர் தனியே கருதத்தக்கது. பிற்பகல் ஒரு மணி தொடங்கி மாலைவரை சாய்வெயிலை நேரடியாக வாங்கும் ஒன்பது அங்குலச் செங்கற்சுவர், அந்த வெப்பத்தை உடனே உள்ளே விடுவதில்லை. செங்கல்லின் நிறையும் கடத்தும் திறனும் சேர்ந்து, வெளிப்பரப்பின் உச்ச வெப்பம் உட்பரப்பை அடைய ஆறேழு மணி நேரத் தாமதத்தை உண்டாக்குகின்றன. விளைவாக, வெயில் தணிந்து, வெளியே காற்றும் குளிரத் தொடங்கிய பிறகு, வீட்டார் உண்டு முடித்துப் படுக்கும் இரவு ஒன்பது, பத்து மணிக்குச் சுவரின் உட்புறம் தன் உச்ச வெப்பத்தை எட்டுகிறது. தோலின் வெப்பநிலை 34 டிகிரி செல்சியஸ் என்று கொண்டால், 38 டிகிரிச் சுவரை நோக்கியிருக்கும் ஒவ்வொரு சதுர மீட்டர் தோலும் ஏறத்தாழ 24 வாட் வெப்பத்தை அச்சுவரிடமிருந்து பெறுகிறது. 32 டிகிரியில் இருக்கும் உட்சுவரை நோக்கியிருந்தால் 12 வாட் வெப்பத்தை இழக்கிறது. அறையின் காற்று இரண்டு இடங்களிலும் ஒன்றே. கோடையில் கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து விலக்கி உட்சுவர்ப் பக்கம் போடும் வழக்கம் இக்கணக்கை அறியாமலேயே இக்கணக்கின்படி நடப்பது. செலவில்லாத ஒரே குளிர்சாதனம் அதுவாகத்தான் இருக்க முடியும். அச்சுவரை ஒட்டிப் புத்தக அலமாரியையோ துணி பீரோவையோ நிறுத்துவதும் பயன் தரும், ஏனெனில் காகிதமும் துணியும் வெப்பத்தை எளிதில் கடத்தாதவை. ஆனால் இந்த ஏற்பாடு மழைக்காலத்தில் எதிரியாக மாறும் என்பது பின்னால் தெரியவரும்.

திரைச்சீலையைப் பொறுத்தவரை, அது சன்னலுக்கு உள்ளே தொங்குகிறதா வெளியே தொங்குகிறதா என்பதுதான் முதற்கேள்வி. அதன் நிறமும் நெசவும் பிறகே வருகின்றன. கண்ணாடி, வெயிலின் குறுகிய அலைக்கதிர்களைத் தடையின்றி உள்ளே விடும். ஆனால் வெயில் பட்டுச் சூடான பொருள்கள் உமிழும் நீண்ட அலைக்கதிர்களை வெளியே விடாது. உள்ளே தொங்கும் திரை வெயிலைத் தடுத்துவிட்டதுபோலத் தோன்றினாலும், அது தடுப்பது ஏற்கெனவே வீட்டுக்குள் நுழைந்துவிட்ட வெயிலை. உறிஞ்சிய வெப்பத்தைத் திரை அறைக்குள்ளேயே விட்டாக வேண்டும். கண்ணாடிக்கு வெளியே தொங்கும் மூங்கில் தட்டியோ கீற்றோ தானும் சூடாகிறது, ஆயினும் அச்சூடு தெருக்காற்றோடு போய்விடுகிறது. திண்ணைக்கும் தாழ்வாரத்துக்கும் முன்னால் தட்டி கட்டிய பழைய வீடுகள் வெயிலை வாசலிலேயே நிறுத்திவைத்தன. அடுக்குமாடிக் குடியிருப்புகள் பல, முகப்பின் அழகு கெடும் என்று வெளித்தட்டிகளைத் தடைசெய்துவிட்டு, அந்த வெப்பத்தை ஏசியின் மின்கட்டணமாகக் குடியிருப்போரிடம் வசூலிக்க விடுகின்றன.

கூரைக்கும் வெளிச்சுவருக்கும் உரிய கோடை உடை சுண்ணாம்பு. நண்பகலில் கிடைமட்டமான ஒரு சதுர மீட்டர் தளத்தின்மேல் 1,000 வாட் அளவுக்கு வெயில் விழக்கூடும். புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு அதில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிட, பாசி படர்ந்து கறுத்த சிமெண்ட் தளம் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. வெள்ளை உலோகத் தகட்டைப் போலன்றிச் சுண்ணாம்பு தன் வெப்பத்தை இரவு வானத்துக்கு நன்கு உமிழும் என்று கூறப்படுவது ஓரளவே சரி; வெள்ளைப் பூச்சுள்ள எந்தப் பரப்பும் அவ்வாறே உமிழும், பூச்சில்லாத பளபளக்கும் உலோகம்தான் உமிழத் தயங்கும். சுண்ணாம்பின் வேதியியல் எளியது: சுட்ட சுண்ணாம்புக்கல்லை நீரில் தாளிக்கும்போது உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு, சுவரில் பூசப்பட்டபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாக, அதாவது கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. இம்மாற்றத்துக்குச் சிறிது ஈரம் தேவை. கடும்வெயிலில் பூசினால் நீர் விரைந்து உலர்ந்து, இறுகாத சுண்ணாம்பு கையில் மாவாக ஒட்டும். போகியை ஒட்டி வெள்ளையடிக்கும் வழக்கத்துக்குச் சமயமும் சமூகமும் தரும் காரணங்கள் வேறு; ஆயினும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, காலைப்பனி நீடிக்கும் அந்த நாட்கள் சுண்ணாம்பு நிதானமாக இறுகுவதற்கும், மழையில் கழுவப்படாமல் முழு வெண்மையோடு வேனிலை எதிர்கொள்வதற்கும் ஆண்டிலேயே ஏற்றவை. வெள்ளையில் துளி நீலம் கலப்பது மட்டும் கண்ணுக்காக. அது சுண்ணாம்பின் மஞ்சள் சாயலை மறைக்கிறது, வெப்பக் கணக்கில் குறிப்பிடத்தக்க பங்கு அதற்கில்லை.

காற்றைத் திசைவாரியாகப் பெயரிட்டு அழைத்த மொழி தமிழ். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. மேற்குக் காற்றின் பெயரே வெயிற்காலத்துக்கும் பெயராகியிருப்பது தற்செயலன்று. ஒவ்வொரு பருவத்திலும் எந்தச் சன்னலைத் திறப்பது, எந்தச் சன்னலை அடைப்பது என்ற கேள்விக்கான விடை இப்பெயர்களுக்குள் பொதிந்துள்ளது. ஆனால் அவ்விடை ஊருக்கு ஊர் மாறும். ஜூன் மாதத்தில் கோயம்புத்தூர் வீடு ஒன்றின் மேற்குச் சன்னலைத் திறந்தால், மேற்குத் தொடர்ச்சி மலையின் பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் ஈரமான குளிர்காற்று வீசும். அதே மாதத்தில் சென்னை வீட்டின் மேற்குச் சன்னலைத் திறந்தால், மலையைக் கடக்கையில் ஈரத்தை இழந்து, கீழிறங்குகையில் அமுங்கிச் சூடேறி, காய்ந்த நிலத்தின்மேல் நெடுந்தொலைவு வந்த அனல்காற்று முகத்தில் அறையும். கிழக்கிலிருந்து வரவேண்டிய கடற்காற்றையும் அது பிற்பகல்வரை தடுத்து நிறுத்தும். ஆகவே, சென்னையில் அறைகலன்களைக் கிழக்கு, தென்கிழக்குச் சன்னல்களின் வழி மறிக்காமல் போடுவதும், கடற்காற்று வந்து சேரும்வரை மேற்கை அடைத்து வைப்பதும் பொருத்தமானவை. கோவைக்கு இந்த ஏற்பாடு அப்படியே தவறு.

நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, பருவத்துக்கேற்ப வீடு மாறுவதைக் காட்டும் மிகப் பழைய தமிழ்ச் சான்றுகளுள் ஒன்று. கூதிர்க்காலத்து மாளிகையில், தென்றலை உள்ளே கொணரும் வேனிற்காலத்துப் படுக்கையறையின் சாளரங்கள் திறக்கப்படாமல் தாழிடப்பட்டிருக்கின்றன. மடக்கி மாட்டிய விசிறிகளில் சிலந்தி வலை பின்னியிருக்கிறது. குறுகிய வாயுடைய கலத்துக் குளிர்நீரை எவரும் பருகுவதில்லை. அகன்ற வாயுடைய தடாவில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்கிறார்கள். அழகியல் வருணனையாகப் படிக்கப்படும் இப்பகுதி, உடலின் வெப்ப வழிகளுள் சலனத்தையும் ஆவியாதலையும் ஒரு வீடு எவ்வாறு பருவம் பார்த்து அடைத்தது என்பதற்கான துல்லியமான பதிவும் ஆகும்.

கோடையில் ஆவியாதலைத் திறந்துவிடும் கருவி வெட்டிவேர்த் தட்டி. உலகின் பல மொழிகளில் வழங்கும் வெட்டிவர் என்ற சொல் தமிழிலிருந்து சென்றது. கடலூர் மாவட்டத்தின் கடலோர மணற்பாங்கான நிலங்களில் இன்றும் பயிராகும் இப்புல்லின் வேர்கள் மெல்லியவை, நீண்டவை, நனைந்தாலும் எளிதில் அழுகாதவை. நெருக்கமாகக் கோத்த வேர்களின்மேல் நீர் தெளித்துச் சன்னலில் தொங்கவிட்டால், அவற்றினூடே நுழையும் உலர்காற்று நீரை ஆவியாக்குகிறது; ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை, அதாவது உள்ளுறை வெப்பத்தை, அக்காற்றே கொடுத்தாக வேண்டியிருப்பதால் அது குளிர்கிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு மணி நேரத்தில் ஆவியானால் ஏறத்தாழ 675 வாட் வெப்பம் ஈர்க்கப்படுகிறது. ஐந்து லிட்டரைச் சற்றே தாண்டினால் ஒரு டன் ஏசியின் குளிர்விக்கும் திறனுக்கு அது சமம். வேர்களிலுள்ள நறுமண எண்ணெய்கள் நனையும்போது காற்றில் பரவுவது, இயற்பியலோடு ஒட்டி வரும் உபரி இன்பம்.

ஆயினும் தட்டிக்கு ஓர் எல்லை உண்டு. அதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பர். வெப்பமானியின் குமிழில் நனைந்த துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால் அது எந்த அளவுவரை இறங்குகிறதோ அந்த அளவுக்குக் கீழே எந்த நீர்த்தெளிப்பாலும் காற்றைக் குளிர்விக்க முடியாது. வேலூர் போன்ற உள்நாட்டு ஊரில் 40 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஒப்பு ஈரப்பதமும் நிலவும் பிற்பகலில் இவ்வெல்லை 23 டிகிரிக்கு அருகில் இருக்கும்; நல்ல தட்டி ஒன்று இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கைக் கடந்தாலே, உள்ளே வரும் காற்று 29 டிகிரிக்கு அருகில் இருக்கும். கடலோரத்தில் 35 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் கொண்ட காற்றுக்கோ எல்லை 30 டிகிரி. அங்கே தட்டி இரண்டு மூன்று டிகிரியைக் குறைத்தாலும், காற்றில் ஈரத்தை மேலும் ஏற்றி வியர்வையை உலரவிடாமல் செய்து, கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. சென்னை வீட்டில் நனைத்த தட்டி, நனைத்த திரைச்சீலை, அறைக்குள் நீர்த்தொட்டி ஆகியவற்றைப் பரிந்துரைக்கும் குறிப்புகள் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை. கடலோர வீட்டுக்கு வேண்டியது நீரன்று, காற்றோட்டம். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்குச் சற்றுக் குறைந்த காற்றே உடலுக்கு ஏறத்தாழ 3 டிகிரி குறைந்தது போன்ற உணர்வைத் தரும். கூடத்து ஊஞ்சலும் இவ்வகையைச் சேர்ந்ததே: இரண்டரை மீட்டர்ச் சங்கிலியில் தொங்கும் பலகை ஒருமுறை போய் வர மூன்று வினாடிக்குச் சற்று மேல் ஆகும், இருபுறமும் நாற்பது சென்டிமீட்டர் ஆடினால், அசையாத காற்றிலும் அமர்ந்திருப்பவர்மீது சராசரியாக வினாடிக்கு அரை மீட்டர் வேகக் காற்று படும்.

தரையும் இருக்கையும் கடத்தலின் களம். அறையிலுள்ள கல்தரையும் மரப்பலகையும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும், கால் படும்போது கல் குளிர்கிறது, மரம் குளிர்வதில்லை. ஏனெனில் தொட்ட கணத்தில் வெப்பத்தை விரைந்து இழுத்து உள்ளே பரப்பும் ஆற்றல் கல்லுக்கு மரத்தைவிடப் பன்மடங்கு அதிகம். தரை 28 டிகிரி, உள்ளங்கால் 33 டிகிரி என்றால், தொடும் இடத்தின் வெப்பநிலை கல்லில் 30 டிகிரிக்குக் கீழும் மரத்தில் 32 டிகிரிக்கு அருகிலும் நிற்கும். செட்டிநாட்டின் ஆத்தங்குடிக் கற்களும், இரும்பு ஆக்சைடு கலந்து மெருகேற்றிய சிவப்புச் சிமெண்ட் தரையும் கோடையில் வெறுந்தரையாக விடப்படுவதற்குக் காரணம் இதுவே. அவற்றின்மேல் தடித்த விரிப்பை இடுவது, கண்ணுக்கு நிறத்தையும் காலுக்கு வெப்பத்தையும் தருவதாகும். கோரைப்பாய் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: படுத்தவரின் வெப்பத்தைக் கல்லளவுக்கு இழுக்காது, மெத்தையளவுக்குத் தேக்கியும் வைக்காது. உடையின் வெப்பத்தடையை அளக்க 1941-இல் உருவான க்ளோ என்னும் அலகு நாற்காலிகளுக்கும் பொருந்துகிறது; வலைப்பின்னல் நாற்காலி உடலுக்கு எந்த உடையையும் கூடுதலாகப் போர்த்துவதில்லை, மெத்தை வைத்த அலுவலக நாற்காலியோ 0.1 முதல் 0.15 க்ளோ வரை சேர்க்கிறது, அது ஒரு மெல்லிய உள்ளாடை அணிவதற்கு ஒப்பானது. முதுகையும் தொடையையும் முழுக்க விழுங்கும் சோபாவின் கணக்கு இன்னும் கூடுதல். பிரம்பு பின்னிய நாற்காலி வேனிலுக்கும், மெத்தை இருக்கை பனிக்காலத்துக்கும் என்று முறைவைத்துக் கொள்வது ஆடம்பரமன்று.

நிறத்தைப் பற்றிய நம்பிக்கைகள்தாம் இத்துறையில் மிகுதி. சான்றோ மிகக் குறைவு. சிவப்பும் ஆரஞ்சும் வெப்ப நிறங்கள், நீலமும் பச்சையும் குளிர் நிறங்கள் என்ற பகுப்பு ஓவியர்களிடமிருந்து அலங்காரக் கலைக்கு வந்தது. ஃபாங்கரும் அவருடைய உடனாய்வாளர்களும் 1977-இல் வெளியிட்ட ஆய்வில், கடும் சிவப்பொளியில் இருந்தவர்கள் கடும் நீலவொளியில் இருந்தவர்களைவிட 0.4 டிகிரி மட்டுமே குறைந்த வெப்பநிலையை விரும்பினர்; நடைமுறைக்குப் பொருட்படுத்தத் தக்க வேறுபாடு அதுவன்று. வெயில் படும் வெளிச்சுவரில் நிறம் இயற்பியல். உட்சுவரில் அது பெரும்பாலும் விருப்பம். இதை நிறத்துக்கு எதிரான வாதமாகக் கொள்ள வேண்டியதில்லை. உள்ளே எந்த நிறத்தையும் பூசிக்கொள்ள இயற்பியல் தரும் அனுமதியாகவே கொள்ளலாம். அடர்நிறங்கள் ஒளியை விழுங்குவதால் விளக்கு கூடுதலாக வேண்டும் என்பதே அந்த அனுமதியின் ஒரே நிபந்தனை. விளக்கொளியின் நிறத்துக்கு மட்டும் உடலியல் பொருள் உண்டு: நீலச்சாயல் மிகுந்த 6,500 கெல்வின் ஒளி, விழித்திரையில் பார்வைக்கன்றி உடற்கடிகாரத்துக்காக அமைந்த செல்களைத் தூண்டுகிறது, மஞ்சள்சாயலுடைய 2,700 கெல்வின் ஒளி அச்செல்களை அவ்வளவாகத் தொடுவதில்லை. படுக்கையறைக்கு மஞ்சளொளியும் படிப்பறைக்கு வெண்ணொளியும் பொருந்துவது இதனால்தான், பருவத்தால் அன்று.

ஐப்பசியில் மழை இறங்கியதும் கணக்கு முழுவதும் மாறுகிறது. இப்போது எதிரி வெப்பமன்று, ஈரம். நாள்கணக்கில் நனைந்த வெளிச்சுவர் உட்புறமும் குளிர்ந்திருக்கும். அதை ஒட்டிய காற்றின் ஒப்பு ஈரப்பதம் அறையின் நடுவில் இருப்பதைவிட உயர்ந்து, 80 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை முளைக்கத் தொடங்கும். காற்று புகாத இடுக்குகளில் இது முதலில் நிகழ்வதால், கோடையில் மேற்குச் சுவருக்குக் கவசமாக நின்ற அதே பீரோவும் அலமாரியும் இப்போது சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது முன்னே இழுக்கப்பட வேண்டும். சுண்ணாம்பு இங்கும் துணைநிற்கிறது: புதிய சுண்ணாம்பின் கடுங்காரத்தன்மையில் பூஞ்சை வாழ்வதில்லை, அதன் நுண்துளைகள் வழியே சுவரின் ஈரமும் வெளியேறுகிறது. பிளாஸ்டிக் படலமாக இறுகும் இன்றைய எமல்ஷன் பூச்சு, ஈரத்தைச் சுவருக்குள் அடைத்துவைத்து, சில மழைகளுக்குப் பின் கொப்புளமிட்டு உரிகிறது.

தடித்த கம்பளங்களும் கனத்த திரைகளும் குளிர்காலத்துக்கு உரியவை என்ற இறக்குமதி அறிவுரை மிக மோசமாகத் தவறிப்போவது இப்பருவத்தில்தான். தமிழ்நாட்டின் குளிர்ச்சி ஈரத்தோடு தொடங்குகிறது. துணிகளில் வாழும் தூசிப் பூச்சிகள் நீர் அருந்துவதில்லை, காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சி வாழ்கின்றன, ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழ் நீடித்தால் மடிகின்றன. கார்த்திகை மாதத்தில் விரித்த கம்பளம் அவற்றுக்குக் குடியிருப்பும் குடிநீரும் ஒருங்கே தருகிறது. ஜமக்காளத்தையும் தலையணைகளையும் மழை தொடங்குமுன் வெயிலில் உலர்த்தி மூடிவைத்து, தை பிறந்து காற்று உலர்ந்தபின் எடுத்து விரிப்பதே இம்மண்ணின் வரிசை. கதவுகள் உப்பி நிலையில் சிக்குவதும் இதே ஈரத்தால்: 50 சதவீத ஈரப்பதத்தில் தன் எடையில் ஏறக்குறைய 9 சதவீத நீரை வைத்திருக்கும் மரம், 90 சதவீதத்தில் 20 சதவீதம்வரை ஏற்றுக்கொள்கிறது, மரம் நீளவாக்கில் அன்றிக் குறுக்குவாக்கிலேயே பருக்கும். மழைக்காலத்தில் சிக்கும் கதவை உடனே இழைத்துவிடுபவர் சித்திரையில் அதன் இடுக்கு வழியே தெருவைப் பார்ப்பார்.

அறைக்குள் வைக்கும் செடிகள் காற்றைத் தூய்மையாக்கும் என்ற புகழ் 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்வொன்றிலிருந்து பரவியது. அது மூடிய சிறு பெட்டிகளில் நிகழ்த்தப்பட்டது. முந்தைய ஆய்வுகளை மறுபடி கணக்கிட்ட 2019-ஆம் ஆண்டுக் கட்டுரை, சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது பத்துச் செடிகளாவது வேண்டும் என்று காட்டியது. செடிகளைப் பச்சைக்காக வைக்கலாம்.

உடலின் கணக்கு இவ்வாறு என்றால், ஒருவருக்குப் பிடித்த வீடு இன்னொருவருக்குப் பிடிக்காமற்போவது ஏன் என்ற கேள்வி எஞ்சுகிறது. ஃபாங்கரின் சமன்பாடு உலகின் எல்லா மனிதருக்கும் ஒரே விடையைத் தர முயன்றது. ஆனால் 1970-களில் மைக்கேல் ஹம்ஃப்ரீஸ் என்னும் ஆய்வாளர் பல நாடுகளின் கள ஆய்வுகளைத் தொகுத்தபோது, மக்களுக்கு இதமாகத் தோன்றும் உள்வெப்பநிலை வெளியிலுள்ள பருவத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவது தெரிந்தது. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சென்னை உள்ளிட்ட ஐந்து இந்திய நகரங்களின் அலுவலகக் கட்டடங்களில் நடத்திய ஆய்வின்படி, சன்னல் திறந்த கட்டடங்களில் வெளியே ஒரு மாதச் சராசரி வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் இதமான உள்வெப்பநிலை அரை டிகிரிக்குச் சற்று மேல் கூடுகிறது. வெளியே சராசரி 32 டிகிரி நிலவும் மாதத்தில் மக்கள் இதமென்று கூறியது 30 டிகிரியை ஒட்டியது. சன்னலைத் தாமே திறக்கவும், மின்விசிறியைத் தாமே கூட்டிக் குறைக்கவும், நாற்காலியைத் தாமே நகர்த்தவும் முடிந்தவர்கள் அதே வெப்பத்தைக் கூடுதலாகப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பதும் இவ்வகை ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தென்பட்டுள்ளது. தன் கையால் ஒழுங்கமைத்த வீடு இதமாக இருப்பதில் கையின் பங்கும் உண்டு.

பிரெஞ்சு உடலியலாளர் மிஷேல் கபனாக் 1971-இல் இதற்கு இன்னும் ஆழமான ஒரு காரணத்தை முன்வைத்தார். உடல் வெப்பம் கூடியிருப்பவரின் கையைக் குளிர்ந்த நீரில் வைத்தால் இன்பமாகவும், உடல் குளிர்ந்திருப்பவரின் கையை அதே நீரில் வைத்தால் துன்பமாகவும் உணரப்படுகிறது. இன்பம் நீரில் இல்லை, உடலின் தேவைக்கும் தூண்டலுக்கும் உள்ள உறவில் இருக்கிறது. அல்லியெஸ்தீசியா, அதாவது மாறும் உணர்வு என்று அவர் இதற்குப் பெயரிட்டார். வெயிலில் வந்தவர் சிவப்புச் சிமெண்ட் தரையில் கால்வைக்கும் கணத்தில் பெறும் சுகமும், மழையில் நனைந்தவர் மெத்தை இருக்கையில் புதைவதன் சுகமும் இவ்வகை. எந்நேரமும் ஒரே வெப்பநிலையில் வைக்கப்பட்ட அறையில் துன்பம் இல்லாமற்போகலாம், ஆனால் இந்தச் சுகத்துக்கும் அங்கே இடமில்லை. பருவந்தோறும் பாயையும் தட்டியையும் மாற்றிய வீடுகளில் ரசனை என்று வழங்கியதன் ஒரு பகுதி இவ்வேறுபாட்டைப் பேணும் திறமையாக இருந்திருக்க வேண்டும். வெட்டிவேர் அறை நறுமணப் புட்டியாகவும், கோரைப்பாய் சுவரில் மாட்டும் காட்சிப்பொருளாகவும் மாறியிருக்கும் இன்றைய கூடங்களில் அப்பொருள்கள் இருக்கின்றன, அவற்றின் வேலை இல்லை.

இந்தியாவில் நட்சத்திரத் தரமிட்ட அறை ஏசிகள் 2020 ஜனவரி 1 முதல், இயக்கியதும் 24 டிகிரியில் தொடங்குமாறு விதிக்கப்பட்டுள்ளன. அது தொடக்க அளவு மட்டுமே, அதை உயர்த்துவதற்குத் தடையில்லை. ஏசியை 28 டிகிரியில் வைத்து மின்விசிறியை மெல்லச் சுழலவிட்டால் உடல் உணர்வது 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். அந்த அறையில் மேற்குச் சுவரின் வெண்மையும், சன்னலுக்கு வெளியே தொங்கும் தட்டியும், கட்டில் கிடக்கும் இடமும் மீண்டும் கணக்கில் வருகின்றன, ஏனெனில் 24 டிகிரிக் காற்று மறைத்துவிட்ட சுவரின் வெப்பத்தை 28 டிகிரிக் காற்று மறைப்பதில்லை.